கோட்டுப் பையில் கத்தரிக்கோல்

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். விடுதிச் சாப்பாடு இன்னும் என்னைக் கொல்லவில்லை. இங்கே கைபேசிக்குத் தடை என்பதால் நீ என் கோழிக் கிறுக்கலைப் படித்தே ஆக வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புக்கு இந்த வருடம் பட்டறை வகுப்பு வந்திருக்கிறது. வாரத்தில் மூன்று மத்தியானம். புத்தகமே கிடையாது. சாலிடரிங் அயர்ன், சர்க்யூட் போர்டு, ஒரு த்ரீ-டி பிரிண்டர், பெட்டி நிறையப் பழுதான மோட்டார்கள். முதல் நாளே விரலில் கொப்புளம். பட்டறை மிஸ் மருந்து தடவிவிட்டு, "சரி, இப்ப மறுபடி சூடு பண்ணு" என்றார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இதை முழுப் பாடமாக எடுக்க வேண்டுமானால் உயிரியலை விட வேண்டும். படிவம் இதோடு இருக்கிறது. ஆகஸ்ட் இருபதுக்குள் உன் கையெழுத்து வேண்டும். போட்டுவிடேன், அம்மா.

உன் வாலு

ஜூன் 17

என் செல்ல வாலுக்கு,

கொப்புளத்தைக் கிள்ளாதே. படிவம் கிடைத்தது. கையெழுத்துப் போட மாட்டேன்.

இந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு வெள்ளைக் கோட்டுகள் என் கையில் போகின்றன. ஒவ்வொன்றையும் உதறும்போது அதற்குள் உன்னை நிறுத்திப் பார்க்கிறேன். நேற்றுகூட ஒரு டாக்டரம்மா பைக்குள் கத்தரிக்கோலை விட்டுவிட்டார். உள்ளங்கையில் இரண்டு தையல். போன மாதம் பக்கத்து மேசை அக்காவுக்கு ஊசி குத்தியது. வாரம் ஒருத்திக்கு நடப்பதுதான், கவலைப்படாதே.

கோட்டைத் துவைக்கிறவளின் மகள் கோட்டைப் போட வேண்டும். அதற்கு உயிரியல் வேண்டும். ஸ்க்ரூ திருகவா உன்னை விடுதியில் சேர்த்தேன்? கோபமில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

ஜூலை 6

அம்மா,

இரண்டு தையலை ஏதோ மழை பெய்ததுபோல் எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பட்டறையில் ஆளுக்கொரு நிஜமான தொல்லையைத் தேர்ந்தெடுத்து அதற்கு ஒரு கருவி செய்யச் சொன்னார்கள். நாங்கள் குட்டை என்று கூப்பிடும் என் தோழி, ஒழுகும் குழாயைக் காட்டிக்கொடுக்கும் மணி செய்கிறாள். நான் உன் கையை எடுத்துக்கொண்டேன்.

பார்சலில் இருக்கும் வட்டத் தட்டு முழுக்க நான் சுற்றிய செம்புக் கம்பி. நான்கு முறை கெட்டு, ஐந்தாவது முறை உயிர் வந்தது. பக்கத்தில் உலோகம் வந்தால் கத்தும். மேசைமேல் வைத்து, அதன் மேலே கோட்டை இழுத்துப் பார். கத்தினால் பைக்குள் கை விடாதே.

வாலு

ஜூலை 13

வாலு,

எப்படி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நீ செய்ததை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மேசையில் வைத்தேன். கோட்டே இல்லாமல் கத்தியது. நிறுத்தவே முடியவில்லை. தீப்பிடித்துவிட்டதென்று மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "உங்க பொண்ணு சங்கு பண்ணி அனுப்பியிருக்கா" என்று அவர் சொன்னதும் கூடமே சிரித்தது.

எங்கள் மேசை முழுக்க இரும்புத் தகடு, பாப்பா. நீ கேட்கவே இல்லையே.

என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு உறைக்காது. நீ ராப்பகலாய்ச் செய்ததைப் பார்த்துச் சிரித்தார்கள், அதுதான் தாங்கவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். போதும். உயிரியலைப் படி.

அம்மா

ஜூலை 20

அம்மா,

குளியலறையில் போய் அழுதேன். பிறகு உன் கடிதத்தை மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "கத்துச்சுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீ யாருக்காக செய்யறியோ அவங்களைத்தான் கேக்கல" என்றார்.

உண்மைதான். நான் பார்க்காத கூடத்தை நானே கற்பனை செய்துகொண்டு, பள்ளிக்கூட மரமேசையில் சோதித்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். இரும்பே இல்லாத மூலை உங்கள் கூடத்தில் உண்டா? சுற்றிலும் எத்தனை அடிக்கு இல்லை? கோட்டுப் பொத்தான் பிளாஸ்டிக்கா, உலோகமா? கோட்டுகள் எதில் வந்து இறங்குகின்றன? டேப் வைத்து அளந்து எழுது. நீ எழுதாவிட்டால் எனக்கு வேறு வழியில்லை.

வாலு

ஜூலை 28

வாலு,

சாப்பாட்டு நேரத்தில் அளந்தேன். பக்கத்து மேசை அக்கா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலோரம் சிமெண்டுச் சுவர், ஒன்பது அடிக்கு இரும்பு கிடையாது. தள்ளுவண்டி இரும்புதான், ஆனால் கோட்டுகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி அங்கே தூக்கிப் போகலாம். பொத்தான்கள் பிளாஸ்டிக். பழைய கோட்டுகள் நாற்பதில் மட்டும் உலோகப் பிரஸ் பட்டன் இருக்கிறது. அவற்றைத் தனி மூட்டையாகக் கட்டிவிட்டோம்.

இன்னொன்று. கத்தரிக்கோல் தடவினால் தெரிந்துவிடும், நாங்கள் பயப்படுவது ஊசிக்குத்தான். ஊசியைப் பிடிக்காவிட்டால் அனுப்பாதே. இங்கே மிஷின் போடும் இரைச்சலில் கத்தினாலும் பாதி நேரம் கேட்காது.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஞாபகம் இருக்கட்டும்.

அம்மா

ஆகஸ்ட் 7

அம்மா,

ஊசிதான் பாடாய்ப் படுத்தியது. பெரிய தட்டுக்கு அது தெரியவே இல்லை. வாளி வாய் அளவுக்கு வளையத்தைச் சுருக்கியதும் பிடித்துவிட்டது. குட்டை ஒரு பழைய கோட்டில் ஊசியை ஒளித்து ஒளித்துக் கொடுத்தாள். ஐம்பது முறையில் ஐம்பதும் சரி. இரும்பு வேண்டாமென்று மரத்தில் கால்கள் வைத்து, இதோடு பார்சலில் அனுப்புகிறேன். இரைச்சலுக்காகச் சிவப்பு விளக்கும் உண்டு. கோட்டைச் சுருட்டி வளையத்துக்குள் இழுத்தால் போதும்.

படிவத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள்தான். எதுவானாலும் நிஜத்தை எழுது.

வாலு

ஆகஸ்ட் 16

என் ராசாத்திக்கு,

விரைவுத் தபாலில் போடுகிறேன், இருபதுக்குள் வந்துவிடும்.

முதல் நாள் பதினொரு கத்தரிக்கோல், ஆறு பேனா, மூன்று ஊசி. மேற்பார்வையாளர் நம்பாமல் தன் சாவியை ஒரு கோட்டுக்குள் போட்டுக் கொடுத்தார். விளக்கு எரிந்தது. மூன்று முறை போட்டார், மூன்று முறையும் எரிந்தது. பிறகு, "இன்னும் மூணு பண்ணித் தருமா உங்க பொண்ணு?" என்று கேட்டார். உங்கள் தலைமை ஆசிரியருக்கும் கடிதம் எழுதியிருக்கிறார். இந்த வாரம் ஒருத்தி கையிலும் ரத்தம் இல்லை. பக்கத்து மேசை அக்கா வளையத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், சொன்னாலும் கேட்பதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பாப்பா.

உன் பள்ளிப் படிவங்களில் 'பெற்றோர் தொழில்' என்ற இடத்தில் இத்தனை வருடமும் 'மருத்துவமனை ஊழியர்' என்றுதான் எழுதி வந்தேன். நர்ஸ் என்று நினைத்துக்கொள்ளட்டுமே என்று. இந்த முறை 'சலவைத் தொழிலாளி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உயிரியல் புத்தகத்தைக் கிழிக்காமல் யாருக்காவது கொடுத்துவிடு.

அம்மா