அண்ணன் மறைத்த கடைசி ரீல்

என் உயிரான அண்ணனுக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மனசுக்குள் உங்களோடு எவ்வளவோ பேசியிருக்கிறேன். இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும். உங்கள் தம்பி ஒரு மடத்தனம் செய்துவிட்டான்.

போன சனிக்கிழமை நம் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் அந்தப் பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படத்தைப் போட்டோம். பேயே வராமல் நெஞ்சைப் பதற வைக்குமே, அதேதான். பல வருஷத்துக்கு முன்பு இதே படத்துக்கு நான் படம் காட்டும் மெஷினை ஓட்ட, நீங்கள் மைக்கில் தமிழில் கதை சொன்னீர்கள். "கடைசி ரீல் வரல. மிச்சத்த நான் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்து, கொலைகாரன் அந்த வீட்டு முதலாளிதான், அங்கே இருந்த சித்தம் கலங்கிய பெண் பாவம் என்று முடித்தீர்கள். உங்கள் பேச்சுக்கு யார்தான் மயங்கவில்லை? ரீலோ என் காலடியில் பெட்டிக்குள் கிடந்தது.

அண்ணியின் தங்கை செல்வி அப்போதுதான் மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். அவளைக் கண்டாலே லயத்து வரிசை வீட்டுச் சனம் கதவைச் சாத்தும். அவளுக்காகத்தான் கதையை மாற்றினீர்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு அவள் தேறினாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் இத்தனை காலமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

இதெல்லாம் தெரிந்தும், மகன் கண்டியிலிருந்து கொண்டுவந்த புதுத் திரையில் முழுப் படத்தையும் காட்டிப் பெருமையடித்தேன். கடைசி ரீலில் அந்தப் பெண்தான் கொலைகாரி என்று தெரிந்து, அவள் கத்தியோடு திரும்பியதும் சனம் செல்வியைத் திரும்பிப் பார்த்தது. அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழும்பிப் போனாள்.

திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவில் தொட்டில்கள் வெறுமையாகத் தொங்கின. பிள்ளையை முதலில் அனுப்பாமல் நிறுத்தியது யார் தெரியுமா? என் மருமகள். "படத்தப் பாத்தீங்கள்ல மாமா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

செல்வியிடம் போனேன். பால்மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தாள்.

"ரீல் பெட்டியில இருந்தத அன்னிக்கே பாத்தேன் மச்சான். எனக்காகப் பொய் சொல்லவும் ஒரு மனுசன் இருக்காரேன்னுதான் நான் தேறுனேன்" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் பிள்ளையை அனுப்பவில்லை. ஆனாலும் நாளைக் காலை பிள்ளைக்காம்பரா வாசலில் நான் இருப்பேன். பிள்ளைகள் திரும்பி வரும்வரை தினமும் போவேன். வருகிற ஒவ்வொரு தாயிடமும், "செல்விக்குப் பொறுப்பு நான்" என்று சொல்வேன். உங்கள் மேல் சத்தியம், அண்ணே.

உங்கள் பின்னாலேயே நடந்து பழகிய,
தம்பி முத்தையா