பல் வைத்த நண்டு

ஜூலை 1, செவ்வாய்

காலையிலேயே அனல். கடல்காற்று மத்தியானத்துக்கு மேல்தான். அணுபுரம் வந்த இத்தனை வருடத்தில் இந்த வெயிலுக்கு மட்டும் பழகவில்லை. இவருக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். துணி காயப் போட்டாயிற்று. மாவு அரைக்கணும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி அன்றே எழுதவில்லை. கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறவில்லை.

செங்கல்பட்டு கட்டற்ற மென்பொருள் குழு. தலைவர் என்று யாரும் கிடையாதாம். அப்படிச் சொல்பவர் டில்லிபாபு, அவர்தான் தலைவர். சிங்கப்பெருமாள் கோயில்காரர், பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை. அவருடைய மடிக்கணினி என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவு ஸ்டிக்கர்.

நான் போனது 'செவிவழி' விஷயமாக. காகிதத்தைப் போனில் படம் பிடித்தால் அதிலிருக்கும் தமிழைச் சத்தமாக வாசிக்கும். இலவசம். நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பல வருடமாக நானே எழுதி, நானே திருத்தி, குரலும் என்னுடையதே. சோதித்துப் பார்க்க நாலு பேர் வேண்டும் என்று கேட்டேன். கிடைத்தது ஒரு நண்டு.

டில்லி: "மேடம், உலகத்துல பேர் வாங்குன ஓப்பன் சோர்ஸ் எல்லாத்துக்கும் ஒரு மிருகம் கீது. பென்குயின் கீது, யானை கீது, நரி கீது. நமக்கு இன்னா கீது?"

"எனக்கு ஆள் வேணும் டில்லி. மிருகம் வேண்டாம்."

"மிருகம் வந்தா ஆள் வரும் மேடம்."

பிறகு கூட்டம் முழுக்க நண்டு சிரிக்கலாமா கூடாதா என்ற விவாதம். படித்தவர்கள், பொறியாளர்கள், ஒருத்தர் கல்லூரி விரிவுரையாளர். கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். சிரிக்கிற நண்டு ஜெயித்தது. சிரித்தால் பல் தெரியணும் என்று பல் வைத்தார்கள். நண்டுக்குப் பல் கிடையாது என்றேன். "க்யூட்டா இருக்கும் மேடம்" என்று பதில். என் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட வைத்திருந்த படங்களை யாரும் பார்க்கவில்லை. டீ மட்டும் நன்றாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

சுவர் நாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈசிஆர் ஓரமாக கன்னியப்பனுடைய வலைக் கொட்டகை. மீன்பிடி வலைகள் போட்டு வைக்கிற இடம். அதன் ரோட்டுப் பக்கச் சுவர் எங்களுக்கு. 'ஊரோடு சேர்ந்து வரையும் ஓவியம்' என்று டில்லி அழைப்பு அனுப்பியிருந்தார். ஊர் வந்தது. பாதிப் பேர் நிழலுக்காக.

நண்டை வரைந்தது அம்சா, தனியார் பள்ளி ஓவிய ஆசிரியை. கெட்டிக்காரி, கை வேகம். ஆனால் அவள் போனில் இருந்த மூலப்படத்தைப் பார்த்தேன். கட்டற்ற மென்பொருளின் நண்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டுப் பிரதியில் வரைந்திருக்கிறாள்! கேட்டேன்.

"உங்க இலவசத்துல தமிழ் எழுத்து ஒடஞ்சு ஒடஞ்சு வருது மேடம். சரி பண்ணிக் குடுங்க, அதுலயே வரையுறேன்."



சுவரில் 'கட்டற்ற மெண்பொருள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். மூன்று சுழி 'ண'! குழுவில் இத்தனை பேர், ஒருவர் கண்ணிலும் படவில்லை. தூரிகையை வாங்கி நான் அடித்துத் திருத்தினேன். அதைப் படம் எடுத்து 'மேடமும் வரைகிறார்' என்று போட்டுவிட்டார்கள்.

நண்டு ஆளுயரத்துக்கு மேல். ஆரஞ்சு நிறம். ஒரு கொடுக்கில் போன், இன்னொன்றில் காகிதம். வாய் நிறையப் பல். கீழே 'யாரையும் கேட்க வேண்டாம், படம் பிடி, கேள்' என்று ஒரு வரி, செவிவழியைப் போனில் இறக்கிக்கொள்ள ஒரு கியூஆர் சதுரம். மகாபலிபுரம் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் இறங்கி நின்று செல்பி எடுத்தார்கள். ஒருத்தராவது சதுரத்தைப் படம் பிடித்தார்களா? கன்னியப்பன் மட்டும் பிடித்தார். ஏதோ மீன்வளத் துறை அறிவிப்பை வாசிக்க வைத்தார். "அட, பொம்பள கொரலு!" என்றார். அது நான்தான் என்று சொல்லவில்லை.

முதுகெல்லாம் வேர்க்குரு.

ஜூலை 9, புதன்

ஷேர் ஆட்டோவில் கேட்டது:

"நண்டு சின்னம் யாருதுப்பா?"

"எவனோ சுயேச்சையாம். ஈசிஆர் பக்கம் செவுரு புடிச்சிட்டான்."

"எலெக்சனே சொல்லலியே."

"அதான் உஷார் பார்ட்டி."

இதுதான் விழிப்புணர்வு. டில்லிக்குப் போனில் சொன்னேன், வெட்கப்படுவார் என்று. "சூப்பர் மேடம், பேச்சு வந்துட்ச்சி பாருங்க!" என்றார். இந்த மனிதரை எதனாலும் அவமானப்படுத்த முடியாது.

செவிவழியை இறக்கிக்கொண்டவர்கள் கூடியிருப்பதாகக் காட்டுகிறது. நம்பவில்லை. நண்டு படத்துக்காக இறக்கி, பார்த்துவிட்டு அழித்திருப்பார்கள்.

கத்திரிக்காய் எல்லாம் சொத்தை.

ஜூலை 12, சனி

சாயங்காலம் இடி, மழை இல்லை. டில்லி போன் செய்தார், குரலே சரியில்லை. முதல் தடவையாக மனிதர் வாடிக் கேட்கிறேன்.

"மேடம், எவனோ செவுத்துல கரியால கிறுக்கிகினு போய்ட்டான்."

"என்ன கிறுக்கியிருக்கு?"

"நண்டு பொய் சொல்லுதுன்னு."

படம் அனுப்பினார். நண்டின் வயிற்றுக்குக் குறுக்கே பெரிய பெரிய எழுத்து. கோணல்மாணல். 'பொய்' மட்டும் இரண்டு மடங்கு பெரிது.

குழுவில் உடனே பேச்சு. யாரோ குடிகாரன் என்றார் ஒருவர். போட்டி அரசியல் என்றார் விரிவுரையாளர். நாளைக்கே வெள்ளை அடித்துப் புதிதாக வரையலாம், இந்தத் தடவை சிரிப்பை இன்னும் பெரிதாக வைக்கலாம் என்று முடிவு.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிறுக்கியவர் கெட்ட வார்த்தை எழுதவில்லை, கட்சிப் பெயர் எழுதவில்லை. பொய் சொல்லுது என்று எழுதியிருக்கிறார். சொல்லுது என்றால் கேட்டிருக்கிறார். இத்தனை வருடத்தில் செவிவழிக்கு வந்த முதல் புகார் இது. இதற்குத்தான் வெள்ளை அடிக்கப் போகிறார்கள், மடையர்கள்.

சுவரைத் தொட வேண்டாம் என்று எழுதினேன். 'ஏன் மேடம்?' என்று வரிசையாகக் கேள்வி. போனை அணைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

இவரை எழுப்பி வண்டி எடுக்கச் சொன்னேன். கன்னியப்பன் கொட்டகை வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். யார் எழுதியது என்று கேட்டதும் தயங்கவே இல்லை.

"நம்ம தேவகிதான். அதோ, நாஸ்தா கட. கொஞ்ச நாளா கண்ணு சரியா தெரியல அதுக்கு. போய்ப் பேசிப் பாருங்க. வாய் ஜாஸ்தி, பாத்துக்கோங்க."

தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. ஐம்பது வயசு இருக்கும். இட்லித் தட்டைக் கையால் தடவித்தான் எடுத்தாள். இரண்டு கண்ணிலும் பாப்பாவில் வெள்ளை பூத்திருப்பது எனக்கே தெரிந்தது. நான் உட்கார்ந்து, "ரெண்டு இட்லி குடுங்க, சாம்பார் தனியா" என்றேன்.

கரண்டி நின்றுவிட்டது.

"இன்னொரு தபா பேசு."

"என்னது?"

"நீதான? நண்டு நீதான?"

இவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"அக்டோபர்னு சொன்ன வாயி இதுதான? அக்டோபர் ஏழுன்னு. நாலு தபா கேட்டேன், நாலு தபாவும் அத்தையே சொன்ன."

கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து கண் முகாம் அட்டையை எடுத்து என் முன்னால் போட்டாள். அறுவை சிகிச்சை நாள்: 10/07/25.

ஜூலை பத்து. வியாழக்கிழமை. போய்விட்டது.

"பத்தாந்தேதின்னு வாயால சொல்லிதான் உட்டாங்க. எனக்கு ஞாபகம் கீது. அப்பறம் உன்னுத கேட்டேன். மிஷினு, அது தப்பா சொல்லுமான்னு என் ஞாபகத்த தூக்கிப் போட்டேன். பத்தாந்தேதி எங்கண்ணன் வூட்டு காதுகுத்துக்கு அச்சரப்பாக்கம் போய்ட்டேன். முகாம் வேனு வந்து, பேர் கூப்ட்டு, நின்னு, போய்ட்ச்சி. இனி எப்போ வருமோ."

"யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே" என்றேன். அந்த நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொள்ளணும் போல இருந்தது.

"கேக்கக்கூடாதுன்னுதானே நண்டு?" என்றாள். "தெனிக்கும் எவனாவது ஒர்த்தன் கையில நீட்டிகினே நிக்கணுமா? உன் செவுத்துல எழுதினத கன்னியப்பன்தான் படிச்சிக் காட்னாரு. யாரையும் கேக்க வாணாம், படம் புடி, கேளுன்னு. அதுக்கோசரம்தான் புடிச்சேன்."

இட்லி சாப்பிட்டோம். சாம்பார் நன்றாக இருந்தது என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. பேசினால் என் குரல், அவளுக்கு அது அக்டோபர்.

ஜூலை 14, திங்கள்

சமையல் இல்லை. இவர் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டார்.

தேதி வாசிக்கிற நிரல் துண்டு மட்டும் நான் எழுதியதல்ல, வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்தது. மாதத்தை முன்னால் எழுதுகிற தேசத்துக்காரன் எழுதியது. நம் ஊர்க் கணக்குக்கு மாற்றச் சின்னதாக ஒரு திருத்தம் போதும். அவ்வளவுதான். என் போனில் சோதித்தபோதெல்லாம் நான் எடுத்த தேதிகள் எல்லாம் மாதக் கடைசி. பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் சரியாகவே வாசித்திருக்கிறது. மாத முதல் பாதியில் எவராவது ஒருத்தர் பயன்படுத்தியிருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும். ஒருத்தரும் பயன்படுத்தவில்லை. இதைத்தான் இத்தனை வருடமாக 'பிழையில்லாமல் ஓடுகிறது' என்று பெருமையாகப் போட்டுக்கொண்டேன். வெட்கக்கேடு.

திருத்தி வெளியிட்டேன். குழுவில் சொன்னேன். அழுதுகொண்டே கும்பிடுகிற நண்டு ஸ்டிக்கர் ஒன்று போடலாமா என்று ஒருவர் கேட்டார். 'சாரி நண்டு' என்று பெயரும் வைத்துவிட்டார்.

அம்சா மட்டும் தனியாக எழுதினாள்: "அந்தம்மாவுக்கு இப்போ என்ன செய்யப் போறோம் மேடம்?" இந்தக் கேள்வி கேட்க அந்தக் குழுவில் ஒரே ஒரு ஆள்.

ஜூலை 16, புதன்

அம்சா லீவு போட்டாள். அவள் காரில் தேவகியை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு. கண் மருத்துவமனையில் நீண்ட வரிசை, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை. தேவகி வழியெல்லாம் என்னைப் பேச வைத்துக்கொண்டே வந்தாள். எந்த ஊர், எத்தனை பிள்ளை, பிள்ளை ஏன் இல்லை. ஒளிவு மறைவே கிடையாது. அம்சாவின் சிரிக்கிற நண்டைப் பற்றி நான் குறை சொன்னபோது மட்டும் குறுக்கிட்டாள்.

"அத்த ஏன் திட்ற? அது கலரா பளிச்சுனு கீது. ரோட்டுல எனக்குத் தெரியிற ஒண்ணே ஒண்ணு அதான். கடைக்கு வழியே அத வெச்சிதான் கண்டுபுடிக்கிறேன்."

அம்சா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் வெளியே ஏரியைப் பார்த்தேன்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. நடந்ததைச் சொன்னதும், முதல் கண்ணுக்கு அடுத்த மாதமே நாள் கொடுத்தார். அட்டையை வாங்கிய கையோடு தேவகி போனை எடுத்தாள். படம் பிடித்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, என் குரல்: "ஆகஸ்ட் எட்டு."

அட்டையைப் பார்த்தேன். 08/08/25.

அம்சாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முன்னால் படித்தாலும் அதுதான், பின்னால் படித்தாலும் அதுதான். என் திருத்தம் சரியா இல்லையா என்று இந்த அட்டை சாட்சி சொல்லாது. தேவகியிடம் சொன்னேன்.

"அப்போ உன்ன எப்டி நம்புறது?"

"நம்ப வேண்டாம்" என்றேன். "முந்தின நாளே, ஏழாந்தேதி, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வா பாக்கலாம்" என்றாள். வாசலில் வாட்ச்மேனிடம் அட்டையைக் கொடுத்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ராத்திரி மழை. காலையில் காற்று சுகமாக இருந்தது.

நேற்றுக் கட்டு பிரித்தார்கள். இன்று தேவகியின் கடைக்கு நானும் அம்சாவும் போனோம். டில்லியும் வந்திருந்தார், பை நிறைய ஸ்டிக்கர்களோடு. பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேவகி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொரல வெச்சி சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன்."

டில்லி சிரித்தார். நான் முறைத்தேன்.

பிறகு அவளே எழுந்து சுவருக்கு நடந்தாள். நண்டை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள். நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. தன் எழுத்தைப் பார்த்தாள், அது எவ்வளவு கோணல் என்று அவளுக்கே சங்கடம் போல. ஈரத் துணியை எடுத்து டில்லி முன்னால் வந்தார். "அழிச்சிடலாம் இல்ல அக்கா? இப்போதான் எல்லாம் சரியாயிட்ச்சே."

"இன்னாத்துக்கு அழிக்கணும்? சொல்லிச்சா இல்லியா?"

டில்லி துணியைக் கீழே வைத்தார்.

தேவகி அடுப்பிலிருந்து எடுத்து வந்திருந்த கரித்துண்டால் 'சொல்லுது'வில் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் அடித்தாள். பக்கத்தில், நிதானமாக, இந்தத் தடவை நேராகவே எழுதினாள்.

நண்டு பொய் சொல்லிச்சி.