ஒன்றாம் நம்பர் எந்தப் பக்கம்

கப்பலிலிருந்து
3.11.2025

தனாவுக்கு,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படி, அம்மணி.

முதலாளி கப்பலை ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டுக் கைவிட்டுவிட்டான். மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கப்பல்மேல் உள்ள வழக்கு முடியும்வரை இரண்டு பேராவது கப்பலில் இருக்க வேண்டுமாம். ஃபிட்டர் நானும், சமையற்காரர் ஆரோக்கியசாமி அண்ணனும் மாட்டிக்கொண்டோம். பாஸ்போர்ட் துறைமுகத்தில் இருக்கிறது, இறங்க முடியாது.

அடித்தட்டில் கடல்நீர் கசிகிறது. அதை வெளியே தள்ளும் மோட்டாருக்கு ஜெனரேட்டர் ஓட வேண்டும். அது நின்று ஐந்து நாளாகிறது. வாளியில் இறைக்கிறோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

டீசல் பம்பு பழுதாகிக் கழற்றியபோது அது எந்த நிலையில் இருந்தது என்று அடையாளம் போட மறந்துவிட்டேன். ஆறு சிலிண்டர் எஞ்சின். டீசல் எந்த நொடியில் பாய வேண்டும் என்ற டைமிங்கை வைக்கத் தெரியாமல் நிற்கிறேன். நம் பட்டறையில் லாரிக்காரர்கள் முன்னால் "டைமிங் தப்புங்க" என்று நீ சொன்னதற்குத்தானே கோபித்துக்கொண்டு கப்பலேறினேன்? இப்போது நானே கேட்கிறேன், சொல்லிக் கொடு. இந்த எஞ்சினைக் காற்றழுத்தத்தில்தான் கிளப்ப வேண்டும். இரண்டு தடவைக்குத்தான் காற்று மிச்சம்.

போன் செத்துவிட்டது. மூன்று நாளைக்கொருமுறை குடிதண்ணீர் கொண்டுவரும் படகுக்காரர் இதைப் படம்பிடித்து உனக்கு அனுப்புவார். பதிலை அவர் போனுக்கே அனுப்பு.

கௌசிக்


நாமக்கல்
4.11.2025

ஏனுங்க,

அப்பா கடிதம் போட்டார் என்று மட்டும் கனிஷ்காவிடம் சொன்னேன். தண்ணீர் ஏறுவதைச் சொல்லவில்லை. கோபமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றாவது பிஸ்டனும் ஆறாவது பிஸ்டனும் சேர்ந்தே மேலே வரும். ஒன்று காற்றை அமுக்கிக்கொண்டு வரும், அதில்தான் டீசல் பாய வேண்டும். மற்றது புகையைத் துப்பிக்கொண்டு வரும். வால்வைப் பார்த்தால் தெரியும். ஆறாவதில் இரண்டு வால்வும் ஆடினால், ஒன்றாவது அமுக்கத்தில் இருக்கிறது. ஒன்றாவது என்பது முன்பக்கம், ஃப்ளைவீல் என்கிற பெரிய சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம். எஞ்சின் தகட்டில் போட்டிருக்கும் டிகிரிக்குச் சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்க. பம்பின் ஒன்றாம் முனையில் டீசல் வழிவது நிற்கும் இடத்தில் பம்பை இறுக்குங்க.

என்னை நம்பிச் செய்யுங்க. சாப்பிடாமல் இருக்காதீங்க.

தனா


கப்பலிலிருந்து
8.11.2025

அம்மணிக்கு,

நீ சொன்னபடியே வைத்துக் காற்றைத் திறந்தேன். எஞ்சின் சுற்றியது, ஒரு சிலிண்டர்கூடப் பற்றவில்லை. வெறும் வெள்ளைப் புகை. இனி ஒரே ஒரு தடவைக்குத்தான் காற்று.

தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏறினால் ஜெனரேட்டர் முழுகிவிடும். அண்ணன் வாளியோடு படியில் உட்கார்ந்துவிட்டார். "என்னால முடியல தம்பி" என்கிறார். அவரையாவது ஏற்றிப் போகச் சொன்னால் படகுக்காரர் போலீஸுக்குப் பயப்படுகிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். பம்பின் ஒன்றாம் குழாய் ஃப்ளைவீல் பக்கத்துச் சிலிண்டருக்குப் போகிறது. மாட்டும்போதே பார்த்தேன். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நீ ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லையே.

எனக்குப் பயமாக இருக்கிறது, தனா.

கௌசிக்


நாமக்கல்
9.11.2025

ஏனுங்க,

தப்பு என்னுடையது. லாரியில் முன்பக்கத்திலிருந்துதான் எண்ணுவோம். உங்கள் எஞ்சினில் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். அந்தக் குழாய் போகும் சிலிண்டர்தான் ஒன்று. லாரி புத்தியிலேயே எழுதித் தொலைத்தேன். அமுக்கும்போது பாய வேண்டிய டீசல், புகை துப்பும்போது பாய்ந்திருக்கிறது.

பம்பைப் பிரித்துவிட்டு எஞ்சினைக் கையால் சரியாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்க. டிகிரி அதேதான். பம்பை ஆட்டாமல் அப்படியே மாட்டுங்க.

எல்லார் எதிரிலும் உங்களைத் தப்பு என்று சொன்ன வாய் இது. இன்றைக்கு என் தப்புக்கு நீங்க தண்ணீரில் நிற்கிறீங்க. இந்தத் தடவை என்னை நம்பாதீங்க. குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்க. வால்வைப் பாருங்க. உங்களுக்குச் சரியென்று பட்டால் மட்டும் காற்றைத் திறங்க.

நாளைக்கே போகச் சொல்லிப் படகுக்காரரிடம் தெரிந்த இந்தியில் கெஞ்சியிருக்கிறேன்.

தனா


கப்பலிலிருந்து
10.11.2025

அம்மணிக்கு,

படகுக்காரர் அவசரப்படுத்துகிறார், கடல்காற்று பலமாகிறதாம். குழாயைத் தொட்டுப் பார்த்தேன். வால்வையும் பார்த்தேன். நீ சொல்வது சரி. நானும் சொல்கிறேன், சரி.

சாயங்காலத்துக்குள் மாட்டிவிடுவேன். பற்றிவிட்டால் மேல்தட்டு விளக்கைப் பகலிலும் அணைக்க மாட்டேன். படகுக்காரர் பார்த்துச் சொல்வார்.

பற்றாவிட்டால், நீ தப்பாகச் சொன்னாய் என்று யாரிடமும் சொல்லாதே. கனிஷ்காவிடமும் சொல்லாதே. அடையாளம் போடாமல் கழற்றியவன் நான்.

கௌசிக்


நாமக்கல்
13.11.2025

ஏனுங்க,

அலை பெரிதாக இருக்கிறதென்று படகுக்காரர் பாதியில் திரும்பிவிட்டார். தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பினார். கப்பல் நகத்தளவு தெரிகிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த வெயிலில் விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. பட்டறையில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

அப்புறம்தான் புகைபோக்கி கண்ணில் பட்டது. புகை வருகிறது. வெள்ளை இல்லீங்க, கருப்பு. டீசல் உள்ளே எரிந்தால்தான் அப்படி வரும். அது எனக்குத் தெரியும்.

கனிஷ்காவை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன்.

இது உங்கள் கைக்கு எப்போது வருமோ. ஊருக்கு வாங்க. எந்த லாரிக்காரர் முன்னால் வேண்டுமானாலும் தனா தப்பாகச் சொன்னாள் என்று சொல்லுங்க. பக்கத்தில் நின்று ஆமாங்க என்று சொல்கிறேன்.

தனா