அப்பா குடிக்கவில்லை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
14.09.1980

அன்புள்ள றேமண்ட் அண்ணாவுக்கு,

கொச்சிக்கடை அந்தோனியார் உங்களைக் கைவிடாமல் காக்கவேண்டும் என்று மன்றாடிக்கொண்டு தங்கை பிறிஜெற் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் பிரஷர் மட்டும் குளிசைக்கு அடங்குவதும் அடங்காததுமாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய துணி கிடைத்தது. குவைத்தில் எல்லாரும் இவ்வளவு பளபளப்பாகவா உடுக்கிறார்கள்? அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு கம்பஸுக்குப் போனால் என் வகுப்புப் பையன்கள் என்னைப் பாலன் பிறப்புக்குச் சோடித்த நத்தார் மரம் என்பார்கள். கோபிக்க வேண்டாம், கோயிலுக்கு உடுக்கிறேன்.

ஐறீன் கல்கிசையில் ஒரு வங்கி உத்தியோகத்தரைக் கட்டிவிட்டாள். எழுதவேண்டாம் என்று அம்மா சொன்னார். வேறு யாரோ சொல்லி நீங்கள் அறிவதைவிட நான் எழுதுவது நல்லது என்று எழுதுகிறேன்.

இனி அப்பாவின் விஷயம். நின்றுகொண்டு வாசிக்காதீர்கள், எங்காவது இருந்து வாசியுங்கள்.

அப்பா குடிக்கவில்லை, அண்ணா. வெள்ளவத்தையில் ஐறீன் வீட்டில் உங்களுக்கு மோதிரம் மாற்றின அன்றும் குடிக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு சொட்டுத் தொடவில்லை. நான் குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது குடியை விடுகிறேன் என்று கோயிலில் வைத்த நேர்த்தியை மனிதர் இன்றுவரைக்கும் மீறவில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இந்த வருஷம் எங்களுக்கு சைபர்நெட்டிக்ஸ் என்று ஒரு பாடம். மெஷினோ மனிதனோ, ஒன்றைச் செய்யும்போதே அது சரியாகப் போகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வதைப் பற்றியது. அதற்குப் பின்னூட்டம் என்று பெயர். படிப்பிப்பவர் நாகேந்திரம் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்கத் தெரியாதவர். ஒருநாள் மேசையில் ஒரு சோக்குத்துண்டை வைத்து அதை எடுத்துக் காட்டினார். கை போகும்போது இன்னும் எவ்வளவு தூரம் என்று மூளை அளந்துகொண்டே இருக்கிறதாம். பின்மண்டைக்குள் இருக்கிற சிறுமூளை பழுதானால் அந்தத் திருத்தம் பிந்தி வருமாம். கை சோக்கைத் தாண்டிப் போகும், திரும்பி வரும், மற்றப் பக்கம் தாண்டும். சும்மா மடியில் கிடக்கும்போது அந்தக் கை ஆடாது, ஒன்றை எடுக்கவேண்டும் என்று நீட்டினால்தான் ஆடும் என்றார்.

நான் எழும்பிவிட்டேன். அப்படி ஆடுகிறவர் குடித்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். பையன்கள் சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை. சாராயம் அந்த இடத்தை ஒரு இரவுக்குத்தான் குழப்பும், இந்த நோய் ஒரேயடியாகக் குழப்பிவிடும், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். எனக்கு அதற்குப் பிறகு கரும்பலகை தெரியவில்லை.

அன்றைக்கு ஐறீன் வீட்டு மேசையில் அப்பா கை நீட்டியது வைனுக்கு அல்ல. தனக்கென்று கேட்டு வாங்கி வைத்திருந்த ஜிஞ்சர் பியருக்கு. கை தாண்டிப் போய் வைன் போத்தலைத் தட்டி, அது ஐறீனின் அம்மாவுடைய சேலை முழுக்கக் கொட்டியது. நீங்கள் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டக்சிக்குள் தள்ளினீர்கள். குடிகாரனுக்கு மகனாகப் பிறந்ததுதான் என் பாவம் என்று ரோட்டில் நின்று கத்தினீர்கள். பிறகு கலியாணம் குழம்பியது. உங்கள் நெஞ்சு வெந்தது எனக்குத் தெரியும். ஆனால் அவர் பச்சைத்தண்ணீர் மனிதராக அந்த டக்சிக்குள் இருந்தார், அண்ணா.

நீங்கள் போனபிறகு இன்னும் மோசம். அப்பா தள்ளாடினால் அம்மா ஏசுவார். ஏசினால் அப்பா பயப்படுவார். பயந்தால் கை இன்னும் ஆடும், பீங்கான் உடையும், அம்மா இன்னும் ஏசுவார். இப்படித் திருத்தத் திருத்தப் பிழை கூடிக்கொண்டே போகிற தொகுதியை, அதாவது சிஸ்டத்தை, நாங்கள் வகுப்பில் படமாகக் கீறுகிறோம். வீட்டில் அதற்குள்ளேயே இருந்தோம். பல்வலிக்கு அவர் கராம்பு மென்றதைக்கூட மணத்தை மறைக்க என்று அம்மா சொன்னார். பஸ்ஸில் கொண்டக்டர் குடிவெறி என்று சிங்களத்தில் ஏசி இறக்கிவிட்டானாம், துறைமுகத்தடியிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தார்.

கடைசியில், உண்மையைச் சொல்லும்வரை சாப்பிடமாட்டேன் என்று அம்மா படுத்துவிட்டார். மூன்றாம் நாள் அப்பா ஓம், குடிக்கிறேன்தான் என்று ஒத்துக்கொண்டார். அம்மா எழும்பி அழுது, சோறு தின்று, அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் திரும்பவும் நேர்த்தி வைக்கச் செய்தார். போன நத்தாருக்கு, திரும்பக் குடிக்கத் தொடங்கிவிட்டேன், மன்னித்துக்கொள் மகனே என்று அப்பா சொல்லச்சொல்ல நான் எழுதி உங்களுக்குக் கடிதம் வந்ததே, அது முழுப் பொய். நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. அவர் கையில் சல்லி கொடுக்க வேண்டாம் என்று அம்மாவுக்கு மட்டும் எழுதினீர்கள். அதை அம்மா உரத்து வாசித்தார். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியாஸ்பத்திரிக்கு அப்பாவையும் அம்மாவையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் தன் விரலை நீட்டி, அதைத் தொட்டுவிட்டு அப்பாவின் சொந்த மூக்கைத் தொடச் சொன்னார். அப்பாவின் விரல் போய் அவருடைய மூக்குக்கண்ணாடியில் குத்தியது. குடிக்கிறவரா என்று டொக்டர் கேட்டார். அம்மா ஓம் என்றார், அப்பாவும் தலையாட்டினார். இல்லை டொக்டர், இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று கத்திவிட்டேன். சோதனை எல்லாம் முடிந்து, இது நோய்தான், இந்த மனிதர் குடித்ததால் வந்ததல்ல என்று டொக்டர் சொன்னபோது அப்பா அழுதார். நோய்க்கு அழவில்லை. கேட்டாயா, கேட்டாயா என்று அம்மாவின் பக்கம் திரும்பித் திரும்பி அழுதார். ஏன் அப்படி ஒரு பொய் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். மெய்யைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை, பொய் சொன்னதும் கொம்மா சாப்பிட்டாளே என்றார். பேச்சும் இப்போது குழறுகிறது. தெரியாதவர்கள் அதையும் வெறி என்றுதான் நினைப்பார்கள்.

அம்மா இப்போது ஒருவரோடும் கதைப்பதில்லை. அப்பாவுக்குத் தேத்தண்ணீரைத் தானே பிடித்துப் பருக்குகிறார். அதுவும் சில நாள் தொண்டையில் இறங்குவதில்லை. மருந்து இல்லையாம். அடுத்த சித்திரையில் வருகிற பாஸ்காத் திருநாளுக்கு இருப்பாரா என்று கேட்டேன். டொக்டர் என் படிப்பைப் பற்றி விசாரித்தார்.

உங்கள் மேல் கோபமா என்று அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கிறார்.

லீவு தரமாட்டார்கள் என்று எழுதாதீர்கள். அழுது கேளுங்கள், பொய் சொல்லிக் கேளுங்கள், நத்தாருக்கு முன் வந்துவிடுங்கள். நீங்கள் போன அன்று அவருக்கு முன்னால் ஆசீர்வாதத்துக்கு முழங்காலில் நிற்காமல் டக்சியில் ஏறிப் போனீர்கள். வாசலில் அவர் கைகட்டி நின்றதைக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். நீட்டினால் ஆடும், நீங்கள் பார்ப்பீர்கள் என்றுதான் கட்டிக்கொண்டு நின்றாராம்.

வந்ததும் முழங்காலில் நில்லுங்கள். நெற்றியில் சிலுவை போடக் கை நீட்டுவார். அது நேரே வராது. உங்கள் கண்ணில் படும், காதில் படும். தலையை இழுத்துக்கொள்ள வேண்டாம், அண்ணா. கை வந்து சேரும்வரை அப்படியே நில்லுங்கள்.

தேவமாதா உங்களை வழிநடத்துவாராக.

உங்கள் தங்கை,
பிறிஜெற்