தங்கையின் பெயரை எழுதுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூத்த மகள் தோத்திரம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இங்கே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சூடுகூடப் பழகிவிட்டது.

போன ஞாயிறு ஆராதனையில் என்னை வேதம் வாசிக்கச் சொன்னார்கள். பதற்றத்தில் வேறொரு அதிகாரத்தை முழுதாக வாசித்து முடித்தேன். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. வாசிப்பவர் பட்டியல் போடும் தச்சர், “அடுத்த வாரமும் நீதாம்மா. பழகினாத்தானே வரும்?” என்றார்.

அங்கே நம் ஊர்க் கோயிலில் பட்டியல் போடுவது நீங்கள். தங்கை ஒருமுறை தடுமாறியதற்கு, “சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்?” என்று இரண்டு வருடமாக அவளை மைக் பக்கமே விடவில்லை. பிறகு, இளைஞர்கள் கோயிலுக்கு வருவதில்லை என்று சபைக் கூட்டத்தில் புலம்புகிறீர்கள். வந்து என்ன செய்ய, நாற்காலி அடுக்கவா?

கோபித்துக்கொண்டாலும் சரி, அவள் பெயரைப் பட்டியலில் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்புங்கள். அதுவரை உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் போனை எடுக்கமாட்டேன்.

என் பழைய வேதாகமமும் வேண்டும். இங்குள்ளதில் எழுத்து பொடியாக இருக்கிறது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. படத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள், அப்பா. உங்கள் குரலைக் கேட்காமல் இரண்டு ஞாயிறுக்கு மேல் என்னால் தாங்க முடியாது.

உங்கள் மகள்