கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய தாள்

மார்ச் 7, சனி

தியேட்டர் டிக்கெட் கவுண்டரில் நாள் முழுக்க ஒரே பாட்டு. "பதிமூணு போட்டிருந்தா சின்னப் பிள்ளைங்க பெரியவங்களோட வரலாம். பதினெட்டுன்னா அப்பா அம்மா கூட வந்தாலும் விட முடியாதுங்க." ஒருவர் தோளில் கிடந்த குழந்தையைக் காட்டி, "இது தூங்கத்தானே போகுது" என்று வாதாடினார். விடவில்லை.

நாளை எனக்கு விடுமுறை. என் மகள் வாலுவைக் கப்பல் படத்துக்குக் கூட்டிப் போகிறேன். ஏழு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது, அவளுக்கு எட்டு முடிந்துவிட்டது. அவள் அப்பா மெக்கானிக்காக இருப்பதும் சரக்குக் கப்பலில்தானே. காலையிலிருந்து குதித்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

தப்பு பண்ணிட்டேன்.

பாதிப் படத்தில் கப்பல் கவிழ்ந்தது. இஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறியது. வாலு அழவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. வெளியே போகலாமா என்றேன். "எல்லாரும் தப்பிக்கிற வரைக்கும் பாக்கணும்மா." எல்லாரும் தப்பிக்கவில்லை. இஞ்சின் அறையில் இருந்தவர் வரவே இல்லை.

பஸ்ஸில் கேட்டாள்: "அப்பா வேலை பாக்குறதும் கீழ ரூம்லதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று கவுண்டருக்கு வெளியே போய் நின்று, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வயது வரம்புத் தாளைப் படித்தேன். ஒட்டுவது மேனேஜர். உள்ளே உட்கார்ந்திருக்கும் நான் நாலு வருஷமாக அதன் முதுகைத்தான் பார்க்கிறேன். எண்கள் மட்டும் கம்ப்யூட்டரில் வரும். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'கடல் விபத்து, தந்தையின் இழப்பு.'

ஊருக்கெல்லாம் எண்ணைச் சொன்னவள் இந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

"ஏழுன்னா லேசான படம்தாங்க" என்றார் மேனேஜர். யாருக்கு லேசு? எந்தப் பிள்ளைக்கு?

மார்ச் 10, செவ்வாய்

குளிக்க மாட்டேன் என்கிறாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கூப்பிடுவார். கூப்பிடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

இன்றும் இல்லை. கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்தேன். "நடுக்கடல்ல இருக்காங்கம்மா, சிக்னல் கிடைக்காது" என்றார்கள். நம்பணும். ஆனா கண்ணை மூடினா அந்த இஞ்சின் ரூம்தான் வருது. எனக்கு முப்பத்தாறு வயசு — எனக்கே அந்தப் படம் ஆகலையே.

வாலுவிடம் சிரித்துக்கொண்டே "சிக்னல் இல்லையாம்டி" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். வாய்தான் சிரிக்கிறது என்று கண்டுபிடித்திருப்பாள்.

மார்ச் 14, சனி

இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

காலை பத்தேகாலுக்குப் போன். அவர்தான். துறைமுகம் சேர்ந்துவிட்டார்களாம். வாலு போனைப் பிடுங்கிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கேள்விமேல் கேள்வி. கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கீழே இருந்து மேலே வர எத்தனை படி? அவர் ஏன் என்று கேட்காமல் பொறுமையாகச் சொன்னார். நாற்பத்திரண்டு படி.

கடைசியில் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லி, "கப்பல்ல போட்டா பாக்காதீங்கப்பா. உங்களுக்கு ஆகாது" என்றாள். அதற்கப்புறம்தான் நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று வாலு தானாகக் குளித்தாள். சத்தமாக எண்ணிக்கொண்டே. நாற்பத்திரண்டுக்குள் முடித்து, தலையில் சோப்பு நுரையோடு வெளியே வந்துவிட்டாள்.

கவுண்டரில் இப்போது எண்ணோடு கீழே உள்ள வரியையும் வாசித்துச் சொல்கிறேன். வரிசை நீள்கிறது, மேனேஜர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

பள்ளி விட்டதும் வாலு வந்து கவுண்டருக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கண்ணாடி துடைக்கப் போனபோது பார்த்தேன். தாளில் 'ஏழு வயதுக்கு மேல்' என்பதற்குப் பக்கத்தில், பென்சிலால், அவள் கையெழுத்து: 'அப்பா வீட்டில் இருந்தால்.'

அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் துடைத்தேன்.