காதருக்காகத் திருத்திய பக்கங்கள்

ஜூன் 9, திங்கள்
புழுக்கம். மேகம் வந்து நின்றது, மழை இல்லை. மீன்பிடித் தடைக்காலம் முடியவில்லை, காசிமேட்டில் படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. வீட்டில் நாலாவது நாளாகக் கருவாடு.

ரேஷன். கேஸ் புக்கிங். சாயங்காலம் கூட்டாளி காதர் வீடு.

சர்க்கரையில் கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது அவனுக்கு. என் மகள் தேவி அவன் போனில் ஒரு மென்பொருள் போட்டுத் தந்தாள். திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும். இலவசம். யார் யாரோ கூலி வாங்காமல் செய்ததாம். பயன்படுத்துவது எப்படி என்று தமிழில் உதவிப் பக்கங்களும் உண்டு. பக்கத்துக்குப் பத்துப் பிழை. மிஷின் அதையும் விடாமல் படிக்கிறது.

"பொத்தானை இருமுறை அழுதவும்."

காதர் சொன்னான்: "நானே அழுதுகினுதான் கீறேன். இது வேற ரெண்டு தபா அழச் சொல்லுது மாமு."

சிரித்தோம். அடுத்த வரி புரியவில்லை, அதற்கடுத்ததும். போனைக் கட்டிலில் எறிந்துவிட்டான்.

"வோணாம். எட்த்துக்கினு போ."

ஜூன் 10, செவ்வாய்
தேவி சொல்கிறாள்: "யாரு வேணா திருத்தி அனுப்பலாம்ப்பா. சரின்னா சேத்துப்பாங்க. நீயே பண்ணேன்."

நானா? பத்தாவது பெயில். தமிழில் மட்டும் பாஸ், அதுவும் பக்கத்து பெஞ்சு புண்ணியத்தில். என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. "கல்யாணப் பத்திரிகைல எங்கப்பா பேரையே தப்பா அடிச்ச ஆளு."

இருந்தாலும் உட்கார்ந்தேன். ஒரே காரணம் படிப்பகம்.

அந்தக் காலத்தில் ஹார்பர் ஷிப்ட் முடிந்தால் நேரே படிப்பகம்தான். தகரக் கொட்டகை, ஒரே ஒரு பேப்பர். காதர் படிப்பான், மூட்டை தூக்கிய அலுப்போடு நாங்கள் தரையில். எனக்கும் படிக்கத் தெரியும். ஆனால் அவன் வாயால் கேட்டால்தான் செய்தி செய்தியாக இருக்கும். மந்திரி பேச்சென்றால் மந்திரி குரல். விலைவாசி என்றால் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் ஆரம்பிப்பான். அதையெல்லாம் வீட்டுக்கு வந்து சோற்றோடு அப்படியே ஒப்பிப்பேன்.

கண் போன பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை. கூப்பிட்டால், "படிக்க முடியாதவனுக்குப் படிப்பகத்துல இன்னா வேல?"

மறுபடி அவனை அங்கே உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்
வேலை நடக்கும் விதம்: மிஷின் படிக்கும். காதர் முகம் சுளிப்பான். நான் கண்ணாடி போட்டுப் பிழையைத் தேடுவேன். தேவி அனுப்புவாள். இன்று மூன்று பக்கம். டீ நாலு.

இடையில் ஒரு கூத்து. "விரலை மெதுவாக நகர்த்தவும்" என்பதில் பிழையே இல்லை. காதருக்குத்தான் பிடிக்கவில்லை. "மெல்லமா இஸ்துக்கினு போன்னு போடு மாமு, அப்பத்தான் பிரியும்." போட்டேன். சரிபார்க்கும் தம்பி எந்த ஊரோ, பதில் எழுதியிருக்கிறார்: "ஐயா, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்த வேண்டுகிறோம்."

காதருக்குக் காட்டவில்லை. படித்தும் காட்டவில்லை.

ஜூன் 14, சனி
'செய்தித்தாள் படிப்பது எப்படி' பக்கம் முடிந்தது. அதுதான் மோசம். எத்தனை விரலால் எந்தப் பக்கம் தள்ளுவது என்கிற இடத்தில்தான் அத்தனை பிழையும். அந்தத் தம்பி மதியமே ஒப்புக்கொண்டார். பங்களித்தோர் பெயர்களில் என் பெயர் ஏறியிருக்கிறதாம். மனைவியிடம் காட்டினேன். "இதாவது சரியா கீதான்னு பாரு."

காதர் தனியாகவே தலைப்புச் செய்திக்குப் போனான். ஒன்றைக் கேட்டான். இன்னொன்று. நான் இருப்பதையே மறந்துவிட்டான். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்
காற்று. படகுகள் கடலுக்குப் போய்விட்டன.

காதரே போன் பண்ணினான். "மாமு, படிப்பகம் தொறந்து கீதா?" கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். கொட்டகை இப்போது கான்கிரீட், மின்விசிறிகூட இருக்கிறது. பழைய ஆட்களில் ஏழெட்டுப் பேர். மடியில் சும்மா ஒரு பேப்பரை விரித்து, ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டான். மிஷின் காதில் சொல்லச் சொல்ல இவன் வாய்விட்டுச் சொல்கிறான். அதே குரல், அதே பெருமூச்சு.

திருடப் போன ஒருவன் அந்த வீட்டு ஏசியில் தூங்கிப்போன செய்தி. பாதியில் போன் ஒரு தரம் அதிர்ந்து அணைந்தது. சார்ஜ் காலி. பக்கத்தில் இருந்ததால் நான் மட்டும் பார்த்தேன்.

காதர் நிறுத்தினான்.

"அப்பால இன்னா ஆச்சு பாய்?" கூட்டத்தில் யாரோ கேட்டார்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். வீட்டுக்காரம்மா காபியோடு வந்து திருடனை எழுப்பினார்களாம். அவன் சர்க்கரை கம்மியாகக் கேட்டானாம். போலீஸ்காரருக்கும் ஒரு கப் வந்ததாம். கொட்டகையே சிரிக்கிறது.

அந்தக் காலத்திலும் இப்படித்தானா? எத்தனை வருஷம் சோற்றோடு ஒப்பித்திருக்கிறேன்!

திரும்பி வரும்போது, "நாளைக்கு ஃபுல் சார்ஜ் போட்டுக்கினு வா" என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றான்.